வேலைத்தலத்திலேயே தொழில் கற்கலாம்: அச்சு, வடிவமைப்பு, ஒளிப்படத் துறைகளில் பயிலுநர் பயிற்சி

ஊர் திரும்பிய குடும்பத்துக்கு முதல் மாதங்களில் கூரை, கிணறு, காணிப் பத்திரம் என்று ஓடுவதற்கே நேரம் போதாது. ஆனால் வீட்டில் 17, 20, 24 வயதில் ஒரு பிள்ளை இருந்தால் இன்னொரு கேள்வியும் காத்திருக்கும். பல பாடசாலைகள் மாறி, சில வருடங்கள் பாடசாலையே இல்லாமல் போய், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் முழுமையாக அமையவில்லை. திரும்பவும் வகுப்பில் இருத்த வயது இடம்கொடாது. நாளாந்தக் கூலிக்கு அனுப்பினால் இன்றைய பாடு நடக்கும். பத்து வருடத்துக்குப் பின்னும் அவர் அதே கூலியாகத்தான் இருப்பார். அப்படியானால் என்ன செய்வது?

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வழிகளில் ஒன்று பயிலுநர் பயிற்சி. வேலை நடக்கும் இடத்திலேயே, தொழில் தெரிந்த ஒருவரின் கீழ் வேலை செய்துகொண்டே கற்பதுதான் இது. மேசன், தச்சு, மின்னிணைப்பு போன்ற தொழில்களுக்கு இந்த வழி உண்டு என்பது பலருக்குத் தெரியும். கணினியில் வடிவமைப்பது, அச்சிடுவது, படம்பிடிப்பது, வீடியோ தொகுப்பது போன்ற தொழில்களையும் இதே வழியில் கற்கலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கற்பதோடு முடிந்துவிடாமல் அதைச் சான்றிதழாக மாற்றுவது எப்படி என்பதையும், ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதையும் இதில் விளக்குகிறோம்.

இவை எப்படிப்பட்ட வேலைகள்?

உங்கள் ஊர்ச் சந்தியில் இருக்கும் கடைகளை நினைத்துப் பாருங்கள். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு, கடைப் பெயர்ப்பலகை, துணிப் பதாகை ஆகியவற்றை யாரோ ஒருவர் கணினியில் வடிவமைத்து, யாரோ ஒருவர் அச்சடிக்கிறார். பூப்புனித நீராட்டு விழாவையும் திருமணத்தையும் ஒருவர் படம்பிடிக்க, இன்னொருவர் கடையின் பின்னறையில் இருந்து அல்பம் அடுக்கி வீடியோ தொகுக்கிறார். கூட்டுறவுச் சங்கத்துக்கும் விருந்தினர் விடுதிக்கும் இணையத்தளமும் முகநூல் விளம்பரமும் இப்போது தேவைப்படுகின்றன.

அச்சுத் தொழில் வடக்குக்குப் புதிதல்ல. 'உதயதாரகை' பத்திரிகை யாழ்ப்பாணத்தில் 1841 இலேயே வெளிவரத் தொடங்கியது. ஈய எழுத்துக் கோத்த காலம் போய், கணினித் திரையில் பக்கம் அமைக்கும் காலம் வந்துவிட்டது. மாறாதது ஒன்று உண்டு. அன்றும் இன்றும் இந்தத் தொழிலைப் பெரும்பாலானோர் அச்சகத்தில் நின்றுதான் கற்கிறார்கள்.

வேலைத்தலத்தில் என்ன கற்பார்?

மூன்று மாத வகுப்பில் போட்டோஷொப், இல்லஸ்ரேட்டர், கோரல்ட்ரோ போன்ற மென்பொருள்களின் பொத்தான்களைக் கற்றுவிடலாம். ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கும் வேலைக்கு வேறு சில விடயங்கள் தெரிய வேண்டும். அவை வேலைத்தலத்தில்தான் படியும். சில உதாரணங்கள்:

* கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ இளநீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் நிறம் தருகிறது. திரையில் பளிச்சென்று தெரிந்த நிறம் தாளில் மங்கிப்போகாமல் இருக்க, அச்சுக்குக் கொடுக்கும்போது நிறமுறையை மாற்றவேண்டும்.
* கையில் வைத்துப் பார்க்கும் புத்தகத்தில் படம் தெளிவாக விழ, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழமையான அளவு. வட்ஸ்அப்பில் வந்த சிறிய படத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் முகம் கலங்கிப்போகும்.
* தாளின் ஓரம்வரை நிறம் வரவேண்டுமானால், வெட்டும் கோட்டுக்கு வெளியே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நிறம் விட்டு வடிவமைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டியதும் வெள்ளைக்கோடு தெரியும்.
* தமிழ் எழுத்துருக்களில் பாமினி போன்றவை ஒரு வகை, யுனிகோட் இன்னொரு வகை. வாடிக்கையாளர் கைபேசியில் அனுப்பியது யுனிகோட்டாகவும், அச்சகத்தின் வடிவமைப்புக் கோப்பு பாமினியாகவும் இருந்தால், மாற்றாமல் ஒட்டும்போது எழுத்துக்கள் குழம்பிவிடும். மாற்றத் தெரிந்தவருக்கும், மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சரிபார்ப்பவருக்கும் அச்சகத்தில் மதிப்பு அதிகம்.
* இறந்தவரின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு கல்வெட்டில் வந்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு எந்தக் கழிவும் ஆறுதல் தராது. ஆகவே படி எடுத்துக் காட்டி, குடும்பத்தவர் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே அச்சுக்கு அனுப்பும் பழக்கம் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கடையில் நின்று, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக் கற்கவேண்டிய பழக்கம் அது. தமிழை நன்றாக வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலம் குறைவாக இருந்தாலும் இந்தத் துறையில் தொடங்க இடம் உண்டு. மென்பொருள்களுக்குத் தேவையான ஆங்கிலச் சொற்கள் பழகப் பழக வந்துவிடும்.

தொடக்கத்தில் தாள் அடுக்குதல், ஸ்கான் செய்தல், தட்டச்சு, படங்களைப் பெயரிட்டு ஒழுங்காகச் சேமித்தல் போன்ற சிறு வேலைகளே கிடைக்கும். இது இயல்பானது. ஆனால் ஆறு மாதம் கழிந்தும் பிள்ளை தேநீர் வாங்கவும் கடை கூட்டவும் மட்டுமே அனுப்பப்பட்டால் அது பயிற்சி அல்ல. ஒவ்வொரு மாதமும் "புதிதாக என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கடை உரிமையாளரிடம் நேரில் சென்று பேசுங்கள்.

கற்றது சான்றிதழாக வேண்டும்

முதலாளி ஒருவரிடம் ஐந்து வருடம் நின்று தொழில் பழகிய பலர் எம்மிடையே இருக்கிறார்கள். கடை மூடப்பட்டாலோ, மீண்டும் இடம்பெயர நேர்ந்தாலோ, அவர்களின் கையில் இருப்பது திறமை மட்டுமே. அதை வேற்றூரில் நம்புவார் இல்லை. வீட்டையும் உறுதிப்பத்திரத்தையும் இழந்த உங்களுக்கு, பத்திரம் இல்லாமையின் வேதனையை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. தொழிலுக்கும் ஓர் உறுதி உண்டு. அதுதான் தேசிய தொழிற் தகைமை, சுருக்கமாக என்.வி.கியூ.

இந்தத் தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமாக்கள், 7 பட்டத்துக்குச் சமமானது. 4 ஆம் மட்டத்தை அடைந்தவர் தன் தொழிலை இன்னொருவரின் மேற்பார்வை இன்றிச் செய்யக்கூடியவர் என்று கொள்ளப்படுகிறார். இங்கே பார்க்கப்படுவது பரீட்சைப் புள்ளி அல்ல. குறித்த வேலையைச் செய்துகாட்ட முடிகிறதா என்பதையே மதிப்பீட்டாளர் பார்க்கிறார். ஆகவே பாடசாலைக் கல்வி முறிந்த பிள்ளைக்கும் இந்த ஏணியில் கால்வைக்க முடியும்.

பயிலுநர்களைப் பதிவுசெய்து, வேலைத்தலத்தோடு இணைத்து, மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. மக்கள் வழக்கில் இதை 'நைட்டா' என்பார்கள். இலங்கைத் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் வகுப்போடு கூடிய பயிற்சிகளை நடத்துகின்றன. அவற்றின் முடிவிலும் வேலைத்தலப் பயிற்சி உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகிறது. மேலே படிக்க விரும்புவோருக்கு, இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் தொழிற் தகைமை பெற்றவர்களுக்கெனவே அமைக்கப்பட்டது. அச்சகத்தில் தாள் அடுக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முன்னால் இவ்வளவு தூரம் பாதை இருக்கிறது.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவரா?

முகாமில் இருந்த காலத்தில் தொலைத்தொடர்புக் கடையில் வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பியவர்களில் அங்கே ஸ்ரூடியோவிலோ அச்சகத்திலோ பல வருடம் நின்றவர்கள் இருப்பீர்கள். நீங்கள் ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்பு கற்றதை அங்கீகரித்துத் தகைமை வழங்கும் முறை ஒன்று என்.வி.கியூவில் உண்டு. நீங்கள் செய்த வேலைகளின் மாதிரிகளையும் அனுபவத்துக்கான சான்றுகளையும் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அதற்காக, செய்த வடிவமைப்புகள், படங்கள், அச்சடித்த தாள்கள் ஆகியவற்றில் பத்துப் பதினைந்தையாவது ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பழைய முதலாளியிடம் இருந்து, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்க முடியுமானால் வாங்குங்கள்.

கையொப்பமிட முன்

வாய்ப்பேச்சில் சேர்க்கப்படும் பிள்ளை பயிலுநர் அல்ல, சம்பளம் குறைந்த வேலையாள் மட்டுமே. பயிற்சிக்கு எழுத்து மூல ஒப்பந்தம் இருக்க வேண்டும். அதில் பின்வருவன உள்ளனவா என்று வாசித்துப் பாருங்கள். வாசிக்கச் சிரமமானால் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

1. எந்தத் தொழில், எந்த என்.வி.கியூ மட்டம்?
2. பயிற்சி எத்தனை மாதம்? தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் எவை?
3. மாதாந்தப் படி எவ்வளவு, யார் கொடுப்பது, எந்தத் திகதியில்?
4. வேலை நேரம், விடுமுறை நாட்கள் எவை? இரவு வேலை உண்டா?
5. வேலைத்தலத்தில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருடையது?
6. விபத்து நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது?
7. இறுதி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது யார்?

பயிலுநர் தான் செய்த வேலைகளைப் பதிவேட்டில் நாளாந்தம் எழுதி, பொறுப்பாளரின் ஒப்பம் பெறவேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். மதிப்பீட்டின்போது இந்தப் பதிவேடுதான் பிள்ளைக்காகப் பேசும்.

16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமானது. அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பாடசாலையில் இருந்து நிறுத்தி எந்தக் கடையிலும் சேர்க்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவதும் சட்டத்துக்கு முரணானது. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் விரலைப் பதம்பார்க்கக் கூடியது. பதாகை அச்சிடும் மையும் இயந்திரம் துடைக்கும் திரவங்களும் காற்றோட்டம் இல்லாத அறையில் மூச்சுக்குக் கேடு செய்யும். பிள்ளையைச் சேர்க்க முன் அந்த இடத்தை ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். யன்னல் இருக்கிறதா, மின்கம்பிகள் ஒழுங்காக உள்ளனவா, மலசலகூடம் உண்டா என்பதையும் பாருங்கள்.

பயிற்சி முடிந்து அதே இடத்தில் ஊழியராகச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதி உரித்தாகும். சம்பளத்தில் 8 வீதம் ஊழியரும் 12 வீதம் தொழில் வழங்குநரும் செலுத்த வேண்டும். இதற்கு மேலாக 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநரே செலுத்த வேண்டும். "சின்னக் கடைதானே" என்று சொல்லி இதைத் தவிர்க்க முடியாது.

வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது?

இதுதான் கடினமான கேள்வி. பயிலுநருக்குக் கிடைக்கும் படி, கூலி வேலையில் கிடைக்கும் தொகையை விடக் குறைவாகவே இருக்கும். மூத்த பிள்ளையின் உழைப்பை நம்பியிருக்கும் வீட்டில், குறிப்பாகத் தாய் மட்டுமே தலைமை தாங்கும் வீட்டில், இது சிறிய விடயம் அல்ல.

முடிவெடுக்க முன் குடும்பமாக இருந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பக்கத்தில் பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, உடுப்பு, கைபேசிச் செலவு ஆகியவற்றை எழுதுங்கள். மறுபக்கத்தில் மாதாந்தப் படியை எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலான துண்டுவிழும் தொகையை யார், எப்படி நிரப்புவது என்று பேசுங்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் பிள்ளை வீட்டுக்குத் தேவைப்படுவாரானால், அதை முதலிலேயே கடை உரிமையாளரிடம் சொல்லி உடன்பாடு காணுங்கள். வாழ்வாதார உதவி பெறும் குடும்பமானால், பயிற்சி தொடங்கும் மாதத்தை உதவி கிடைக்கும் காலத்தோடு பொருத்திக்கொள்வது நல்லது. கணக்கு எவ்வகையிலும் சரிவராவிட்டால், ஒரு போகம் பொறுத்து அடுத்த சேர்ப்புக்கு விண்ணப்பிப்பதில் தவறில்லை. இடையில் விட்டுவருவதை விடப் பிந்தித் தொடங்குவது மேல்.

இந்தப் பயிற்சிக்காகக் கடன்பட்டு விலையுயர்ந்த கணினி வாங்காதீர்கள். வேலைத்தலத்தில் கணினி இருக்கும். வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களில் படமும் வடிவமைப்பும் பழகலாம். ஒலி தொகுக்க ஒடாசிட்டி உண்டு. இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை.

பெண்பிள்ளைகளும் காயமடைந்தவர்களும்

வடிவமைப்பும் தொகுப்பும் மேசை வேலைகள். பெண்பிள்ளைகள் இவற்றைக் கற்றபின் வீட்டில் இருந்தும் வேலை பெறலாம். ஆனால் திருமண வீடியோ எடுக்கும் ஸ்ரூடியோக்களில் இரவு நேர வேலையும் தூரப் பயணமும் உண்டு. எத்தனை மணிக்கு வேலை முடியும், கடைசி பஸ் எப்போது, வேறு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மகள் ஏதாவது சங்கடத்தைச் சொன்னால் "பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் சொல்லி வேறு இடம் கேட்கலாம்.

போரில் காலை இழந்தவர்களும் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களும் இத்தொழிலில் பிறருக்குச் சமமாக உழைக்கலாம். வேலை இடம் மாடியில் இருக்கிறதா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, மலசலகூடத்தைப் பயன்படுத்த முடியுமா என்பவற்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏமாறாதிருக்க

மீள்குடியேற்றம் நடக்கும் இடங்களுக்கு, பயிற்சி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவோரும் வருவார்கள். தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்கள் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருந்தாலும், நீங்கள் சேரும் பாடநெறிக்கு என்.வி.கியூ தரச்சான்று தனியாக இருக்க வேண்டும். ஆகவே "உங்கள் நிறுவனம் பதிவானதா?" என்பதோடு நிறுத்தாமல், "இந்தப் பாடநெறி முடிந்தால் எந்த மட்ட என்.வி.கியூ கிடைக்கும்?" என்றும் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்கும் வரை பணம் கட்டாதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரங்களை எவரிடமும் விட்டுவராதீர்கள். பிரதியை மட்டும் கொடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் பிரதேச செயலகத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர். அவரைச் சந்தித்து, மாவட்டத்தில் எந்தத் தொழில்களில் பயிலுநர்கள் சேர்க்கப்படுகிறார்கள், அடுத்த சேர்ப்பு எப்போது என்று கேளுங்கள். செல்லும்போது இவற்றைக் கொண்டுசெல்லுங்கள்:

* பிறப்புச் சான்றிதழ்
* தேசிய அடையாள அட்டை
* கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று
* பாடசாலை விடுகைப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறுகள் (இருந்தால்)
* செய்த வேலைகளின் மாதிரிகள் (இருந்தால்)

பத்திரங்கள் தொலைந்திருந்தால் அதற்காகப் பயிற்சி எண்ணத்தைக் கைவிட வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்துப் பெறலாம். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமைப் பதிவு முடிந்திருக்க வேண்டும். முடியாதிருந்தால் அதையே முதல் வேலையாக எடுங்கள். அது இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது.

அதன்பின் பிள்ளையோடு உங்கள் நகரத்தில் இருக்கும் இரண்டு மூன்று அச்சகங்களுக்கும் ஸ்ரூடியோக்களுக்கும் போய்வாருங்கள். "பயிலுநர் எடுப்பீர்களா, அதிகாரசபையில் பதிந்து எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். ஓரிரு மணி நேரம் அங்கே இருந்து வேலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். திரும்பிவந்தபின் பிள்ளையிடம் பேசுங்கள். இந்த வேலையில் நாள் முழுவதும் இருக்க விருப்பமா என்பதைச் சொல்லவேண்டியவர் பிள்ளைதான். விருப்பம் என்றால், மேலே சொன்ன ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒப்பந்தம் பேசப் போங்கள்.